முறிந்த மணிக்கட்டு மீண்ட வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாடு வற்றாத ஆறில்லாத நாடு. மாரியிற் பெய்யும் மழையைச் சுண்ணக்கற் பாறை உண்டு நிலத்தடியிற் காக்க, அந்நீரைக் கிணற்றிலிருந்து கைவலியால் முகந்து பயிர் செய்தவர் இந்நாட்டு மக்கள். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன், துலாவின்மேல் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றருகில் நிற்பவர் துலாக்கொடியைப் பிடித்து இறக்கி, நிறைந்து வரும் பட்டையைச் சரித்து நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். வேறொருவர் தோட்டத்தில் நின்று தண்ணீர் மாறுவார். புகையிலைச் செடிக்கு மண் அணைத்தல், சுருட்டுச் சுற்றுதல், பனையேறிப் பாளை சீவுதல், ஓலை வார்ந்து கடகமும் பெட்டியும் இழைத்தல், கடலில் வலை இழுத்தல், உரலில் மா இடித்தல், இடியப்பம் பிழிதல் என ஆடவரும் பெண்டிரும் செய்த கருமங்கள் யாவும் ஒரு சிறு மூட்டின் உறுதியை நம்பியே நடந்தன. அம்மூட்டு மணிக்கட்டு.

மணிக்கட்டு முறிந்தவருக்கு வலி ஒரு துன்பம். தொழில் நின்றுபோதல் அதனினும் பெருந்துன்பம். என்பு எப்பொழுது பொருந்தும் என்று அவர் வைத்தியரைக் கேட்பது அரிது. மீண்டும் எப்பொழுது மண்வெட்டி பிடிக்கலாம் என்றே கேட்பார். இவ்விரண்டும் ஒன்றெனவே நெடுங்காலம் கருதப்பட்டன. என்பு பொருந்துதல் வேறு, கை மீளுதல் வேறு என்பதை வைத்திய உலகம் தெளிந்துகொள்ள நூறாண்டுக்கு மேற் சென்றது. அத்தெளிவு பிறந்த வரலாற்றிலே யாழ்ப்பாணத்துக்கும் ஓர் இடம் உண்டு. பிணியாளர் தம் கையைத் தாமே பயிற்றி மீட்டல் வேண்டுமாதலின், அவருக்கு விளங்கும் மொழியில் அறிவு சென்று சேர்தலும் வைத்தியத்தின் ஒரு பகுதியே என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

மூட்டின் அமைப்பு

மனிதனின் ஒரு கையில், மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை, 27 என்புகள் உள்ளன. அவற்றுள் மணிக்கட்டில் அமைந்தவை 8. கூழாங்கற்களைப் போன்ற இவ்வெட்டும் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டு, முன்கையின் இரு நீண்ட என்புகளாகிய ஆரை, அரந்தி என்பவற்றின் முனைகளோடு சேர்கின்றன. பெருவிரற் பக்கத்தில் உள்ளது ஆரை. சுண்டுவிரற் பக்கத்தில் உள்ளது அரந்தி. ஒருவர் கால் தடுக்கி முன்னே விழும்போது தம்மை அறியாமலே கையை நீட்டி ஊன்றுவர். உடலின் பாரம் முழுவதும் அக்கணத்தில் ஆரையின் கீழ்முனையைத் தாக்குகின்றது. மணிக்கட்டு முறிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவன பெரும்பாலும் ஆரையின் இக்கீழ்முனை முறிவுகளே.

மணிக்கட்டின் அசைவுகள் பலவகைப்பட்டன. உள்ளங்கைப் பக்கம் மடங்குதல், புறங்கைப் பக்கம் நிமிர்தல், பெருவிரற் பக்கமும் சுண்டுவிரற் பக்கமும் சாய்தல் என நான்கு. உள்ளங்கையை வானோக்கித் திருப்புதல், நிலநோக்கித் திருப்புதல் என முன்கையோடு சேர்ந்து நிகழ்வன இரண்டு. கைநீட்டி விபூதி வாங்குவதற்கு உள்ளங்கை மேலே திரும்புதல் வேண்டும். மேசையிற் காகிதம் வைத்து எழுதுவதற்கு அது கீழே திரும்புதல் வேண்டும். பிடியின் வலிமையும் மணிக்கட்டின் நிலையையே சார்ந்தது. மணிக்கட்டை உட்புறமாக முற்றும் மடக்கிக்கொண்டு முட்டி பிடிக்க முயல்பவர், விரல்கள் இறுகாமையை உடனே உணர்வர். சிறிது புறமாக நிமிர்த்திய அளவில் அப்பிடி வலுவடையும். ஆகவே, விரல்கள் நலமாக இருந்தாலும் மணிக்கட்டு நிமிராவிடின் கை வலியிழந்ததாகவே நிற்கும்.

பரியாரியார் கண்ட வழி

யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலிருந்தே இந்நாட்டில் தமிழ் வைத்தியம் சிறப்புற்றிருந்தது. அவ்வரசர் தம் சிங்காசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அதற்குச் சான்றாவன. இருபதாம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தை ஏடுகளிலிருந்து பதிப்பித்து உதவினார். முறிவு நெரிவு வைத்தியமோ ஏட்டினாற் கற்கப்பட்டதிலும் பார்க்கக் கையினாற் கற்கப்பட்டதே மிகுதி. தந்தையின் அருகிலிருந்து மகன் கற்க, அது சில குடும்பங்களிற் பரம்பரையாக வந்தது.

முறிவு வைத்தியர் விரல்நுனியால் தடவி முறிந்த இடத்தை அறிவார். ஒருவர் முழங்கையைப் பற்றிக்கொள்ள, தாம் கையை இழுத்து, விலகிய முனைகளை நேர்படுத்துவார். உளுந்து மா, முட்டை வெண்கரு, பச்சிலைகள் முதலியவற்றாற் பற்றுப் போட்டு, மூங்கிற் சிம்பு அல்லது மட்டை வைத்துத் துணியாற் கட்டுவார். சில நாளுக்கொருமுறை கட்டை அவிழ்த்துப் பார்த்து, எண்ணெய் வார்த்து, மறுகட்டுக் கட்டுவார். என்பு கூடிய பின்னும் அவர் பணி முடிவதில்லை. எண்ணெய் பூசி உருவிவிடுதலும், ஒற்றடம் கொடுத்தலும், மூட்டைச் சிறிது சிறிதாக அசைப்பித்தலும் தொடரும்.

இம்முறையிற் குறைகளும் உண்டு. கைத்தடவலால் அறியவொண்ணாத முறிவுகள் உள. பெருவிரலின் அடியிலுள்ள தோணி போன்ற சிற்றென்பு பிளந்தால் வீக்கம் சிறிதாகவே தோன்றும்; அது வெறும் சுளுக்கெனக் கருதப்பட்டு ஆண்டுகள் கழிந்தபின் மூட்டைக் கெடுப்பதும் உண்டு. கட்டு மிக இறுகினாற் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை சாகும். 1881ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் வொல்க்மன் இக்கேட்டை விரித்தெழுதினார். எனினும், கட்டு அவிழ்த்த கையைப் பயிற்றாது விடலாகாது என்பதை இம்மரபு மறவாது வைத்திருந்தது. மேனாட்டு வைத்தியம் பின்னாளில் வருந்திக் கற்ற பாடம் அது.

டப்ளின் நகரத்து ஆறுதல்

மேலைநாட்டிலும் இம்முறிவு நெடுங்காலம் சரிவர அறியப்படவில்லை. மணிக்கட்டு மூட்டு நழுவியதென்றே வைத்தியர் எண்ணினர். பிரான்சிய நாட்டு லியோன் நகரத்துப் பூட்டோ என்பவர் இது முறிவெனக் கூறிய நூல், அவர் இறந்த பின் 1783இல் வெளிவந்தது. ஆயினும் பலர் அதனை அறிந்திலர். அயர்லாந்திலே டப்ளின் நகரில் இரணவைத்தியப் பேராசிரியராக விளங்கிய ஏபிரகாம் கொலிசு 1814ஆம் ஆண்டில் எடின்பரோ மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையே இதனை உலகறியச் செய்தது. ஊடுகதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்பத்தோராண்டுக்கு முன், கண்ணாலும் கையாலும் ஆராய்ந்தே அவர் உண்மையை நாட்டினார். அம்முறிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கொலிசின் கட்டுரையிலே ஓர் ஆறுதலுரை உண்டு. சரிவரப் பொருந்தாத கையில் உருக்கோணல் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்குமாயினும், காலம் சென்றபின் அசைவு முற்றும் திரும்பும், வலியும் ஒழியும் என்பது அவர் கருத்து. கோணல் எஞ்சிய கையும் தொழிலுக்கு உதவும் என்று அவர் கண்டது கூர்மையான காட்சியே. ஆனால், காலம் தானே கையை மீட்டுத் தரும் என்று நம்பியிருந்தவர் பலர் ஏமாந்தனர். சிலர் கை மீண்டது. சிலர் கை விறைத்தே போயிற்று. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாதென்பதே பின்வந்தோர் விடுக்க வேண்டியிருந்த வினா.

மானிப்பாயில் ஒரு பள்ளி

கொலிசு கட்டுரை எழுதி ஆறாண்டில், 1820இல், அமெரிக்க மிசன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். அவர் 1836இற் சென்னைக்குப் பெயர்ந்தார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மாணவரைச் சேர்த்து வைத்தியம் பயிற்றலானார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் என்பாரின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் ஒரு வைத்தியசாலை எழுந்தது. 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்ற அவ்வைத்தியசாலையே இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது.

கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் மானிப்பாயிற் கற்பிக்கத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் கிறித்தவ மிசன் சார்ந்தவர். மற்றவர் அம்மிசன்களின் சமயப் பிரசாரத்தை எதிர்த்து நின்றவர். சமயத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் ஒன்றில் ஒத்தனர். பொதுமக்களுக்குப் பயன்படும் அறிவு தெளிந்த தமிழ் வசனத்தில் அமைதல் வேண்டுமென இருவரும் கருதினர். அக்கருத்தைச் செயலிலும் காட்டினர்.

கிறீன் முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். 1860களிற் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலங் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரை விட்டு நீங்குவதையும், தமிழிற் கற்றவர் ஊரவர் நடுவே தங்குவதையும் அவர் உணர்ந்திருந்தார். மாணவர் தம் நாட்டுடையையும் நாட்டுணவையும் கைவிடலாகாது என்பதும் அவர் எண்ணம். துரூயிற்று என்பவரின் இரண சிகிச்சை நூல் 1867இல் ‘இரணவைத்தியம்’ என்னும் பெயருடன் தமிழில் வந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என வந்தது. தமிழில் வழங்கிய சொற்களையும் வடசொற்களையும் தேடி எடுத்தும், ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் அமைத்தும் கலைச்சொற் பட்டியல்களையும் அவர் வெளியிட்டார். 1873இல் அவர் தாய்நாடு திரும்பும்போது, அவரிடம் கற்றவர் அறுபதுக்கு மேற்பட்டிருந்தனர். மானிப்பாயில் உள்ள வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

முறிந்த கையின் என்புகளுக்கும் தசைகளுக்கும் நரம்புகளுக்கும் அச்சுத் தமிழிற் பெயரும் விளக்கமும் இவ்வாறு அமைந்தன. அதற்குப்பின் உயர் வைத்தியக் கல்வி ஆங்கில வழியே சென்றது. கிறீன் நாட்டிய பயிர் வாடியதெனினும், அவர் எழுப்பிய கேள்வி வாடவில்லை.

ஓய்வா, இயக்கமா?

யாழ்ப்பாணத்திலே கிறீன் நூல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் முறிவு வைத்தியர் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர். ஒல்லாந்து நாட்டுப் படைவைத்தியர் மத்தைசன் 1852இல் பாரிசுச் சாந்துக் கட்டை விளக்கி எழுதினார். துணியிற் சாந்துமாவைத் தூவி நனைத்துச் சுற்றினால் அது சிறிது நேரத்திற் கல்லைப் போல இறுகும். என்பு அசையாதிருக்க இதனினும் வாய்ப்பான வழி அதுவரை இருந்ததில்லை. லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தோமசு, இடையறாத நெடிய ஓய்வே முறிவுக்கு மருந்து என வற்புறுத்தினார். இவர் வேல்சு நாட்டுப் பரம்பரை முறிவு வைத்தியர் குடும்பத்தில் வந்தவர் என்பது கருதத்தக்கது.

பாரிசு நகரத்து லூக்கா சம்பியோனியே இதற்கு மாறான கொள்கையுடையவர். அசைவின்றி வைத்த மூட்டு விறைக்கும், தசை மெலியும், ஆதலின் முறிந்த உறுப்பையும் மெல்லத் தடவி, காலந்தாழ்த்தாது அசைத்தல் வேண்டும் என்று அவர் 1895இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். அதற்கு மூன்றாண்டு முன், தாங்கும் சுமைக்கேற்ப என்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானியராகிய வொல்வ் நூலாக எழுதியிருந்தார். பயன்படாத என்பு நலியும், பயன்படும் என்பு வலுக்கும் என்பது இதனாற் பெறப்பட்டது. 1900இல் சூடெக் என்பவர் முறிவின்பின் கை வீங்கி, எரிந்து, என்பு நலியும் ஒரு கொடிய நிலையை விளக்கினார்.

1895இன் இறுதியில் ரொண்ட்கன் ஊடுகதிரைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே, தோமசின் மருகர் றொபேட் ஜோன்சு, ஒரு சிறுவனின் மணிக்கட்டிற் புதைந்த குண்டை அக்கதிரின் துணையால் படம் பிடிப்பித்தார். முறிவு மறைந்திருந்த இருள் இவ்வாறு நீங்கியது. 1894இல் இலண்டனில் நான்கு தாதியர் கூடிப் பயிற்சி பெற்ற பிசைமருத்துவப் பெண்டிர்க்கு ஒரு சங்கம் அமைத்தனர். முதல் உலகப்போரில் ஊனமுற்ற பல்லாயிரம் வீரரை மீட்கும் பணியில் இத்துறை வளர்ந்து, இயன்மருத்துவம் என்னும் தனிக்கலை ஆயிற்று.

இரு கட்சியையும் இணக்கியவர் வியன்னா நகரத்து லோரென்சு பேலர். 1925இல் அங்கே விபத்து வைத்தியசாலையொன்றைத் தொடங்கிய அவர் ஓர் எளிய விதியைக் கைக்கொண்டார். முறிந்த என்பு அசையாதிருத்தல் வேண்டும்; அதனைச் சாராத மூட்டுக்கள் யாவும் முதல்நாள் தொட்டே அசைதல் வேண்டும் என்பது அது. இவ்விதியின்படி மணிக்கட்டுக்கு இடும் சாந்துக்கட்டு விரல்மூட்டுக்களுக்கு முன்பே நின்றுவிடும். விரல்களும் முழங்கையும் தோளும் கட்டிருக்கும் காலத்திலேயே தொழிற்படும். ஓய்வும் இயக்கமும் இவ்வாறு ஒன்றற்கொன்று துணையாயின.

வேலூரிற் பழுத்த கனி

பண்டத்தரிப்பில் ஊன்றிய வித்து வேறொரு வழியாற் கைமருத்துவத்திலே பழுத்தது. ஜோன் ஸ்கடரின் பேத்தியாகிய ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் வேலூரில் வைத்தியப் பணியைத் தொடங்கி, 1918இல் அங்கே பெண்களுக்கு வைத்தியப் பள்ளியையும் நிறுவினார். அதுவே பின்னர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று. கொல்லிமலையிற் பிறந்த போல் பிராண்ட் 1946இல் அக்கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல் முடங்கியவரின் கையில் தசைநாண்களை இடமாற்றித் தைத்து அவர் அக்கைகளுக்கு அசைவை மீட்டார்.

அறுவையால் மட்டும் கை மீளாது என்பதை அங்கிருந்தோர் விரைவிற் கண்டனர். மாற்றித் தைத்த தசை புதிய தொழிலைக் கற்றல் வேண்டும். அக்கல்விக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் பயிற்சி வேண்டும். மீண்ட கைக்குத் தச்சு முதலிய தொழிலொன்றும் வேண்டும். கை ஊதியம் ஈட்டும் நாளே வைத்தியம் முடியும் நாள் என்னும் கருத்து அங்கே வேரூன்றியது. 1954இல் விபத்தொன்றாற் கால்கள் செயலற்றும் சக்கரநாற்காலியிலிருந்து வைத்தியம் செய்த மேரி வர்கீசு, அக்கல்லூரியின் புனர்வாழ்வு நிலையத்தை 1966இல் உருவாக்கினார். தொழுநோய் வேறு, முறிவு வேறு. எனினும், விறைத்த மூட்டை மீட்கும் நெறி இரண்டிற்கும் பொதுவானது.

ஆறு கிழமையும் ஓராண்டும்

இவ்வரலாற்றிலிருந்து திரண்ட அறிவு இன்று ஓர் ஒழுங்கான முறையாக அமைந்துள்ளது. முதலில் ஊடுகதிர்ப் படம் எடுத்து முறிவின் வகை அறியப்படுகின்றது. விலகிய என்பை நேர்ப்படுத்திச் சாந்துக்கட்டு இடுவர். அது பொதுவாக ஐந்து ஆறு கிழமை இருக்கும். மூட்டின் உட்புறம் சிதைந்த முறிவுகளுக்கும் நிலைகொள்ளாத முறிவுகளுக்கும் உலோகத் தகடு வைத்துத் திருகாணியாற் பிணிப்பதுண்டு. இம்முறை 2000ஆம் ஆண்டுக்குப்பின் மிகப் பரவியது. முதியோரை ஆராய்ந்தவர், ஓராண்டு சென்றபின் தகடு வைத்தவரும் கட்டிட்டவரும் கைத்தொழிலிற் பெரிதும் வேறுபடாமையைப் பலவிடத்துக் கண்டுள்ளனர். கோணல் எஞ்சினும் கை உதவும் என்ற கொலிசின் கூற்று இவ்வளவில் மெய்யாயிற்று.

கட்டிருக்கும் காலத்திற் பிணியாளர் செய்யவேண்டியன பல. கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தால் வீக்கம் தணியும். நாளிற் பலமுறை விரல்களை முற்றும் நீட்டி, முற்றும் மடக்கி, பெருவிரலை ஒவ்வொரு விரல்நுனியோடும் தொடுவித்தல் வேண்டும். தூக்குத்துணியிலேயே கையை நாள்முழுதும் கிடத்தினால் தோளும் விறைக்கும். ஆதலின் தோளையும் முழங்கையையும் அசைத்தல் வேண்டும். விரல் நீலித்தல், மரத்தல், வலி மேன்மேலும் மிகுதல் என்பன கட்டு இறுகியமைக்கு அடையாளம். அவை தோன்றின் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

கட்டு அவிழ்த்த நாள் பலருக்கு ஏமாற்றமான நாள். கை மெலிந்து, தோல் உலர்ந்து, மணிக்கட்டு அசைய மறுக்கும். முறிவு பொருந்தவில்லையோ என அஞ்சுவோர் பலர். அந்நிலை இயல்பானதென முன்னரே அறிந்தவர் அஞ்சார். இளவெந்நீரிற் கையை அமிழ்த்திச் சிறிது நேரம் வைத்தபின், முன்கையை மேசையிற் கிடத்தி, கையை விளிம்பிற்கு அப்பால் நீட்டி மடக்கவும் நிமிர்த்தவும் பயிலலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பலாம். தம் தசையால் தாமே அசைத்தலே முதற் பயிற்சி. பிறர் வலிந்து முறுக்குதல் தீங்காகும். பயிற்சியின் போது தோன்றும் சிறு வலி பின்னர் அடங்கிவிடுமாயின் அஞ்சவேண்டியதில்லை. வலியும் வீக்கமும் மறுநாளும் நின்றால் அளவைக் குறைத்தல் வேண்டும்.

அசைவு வந்தபின் வலிமை தேடவேண்டும். ஈரத்துணியைப் பிழிதல், பிசைந்த மாவை அமுக்குதல், மென்பந்தைப் பிடித்தல் என்பன தொடக்கப் பயிற்சிகள். அதன்பின் சிறு பாரம் தூக்கலாம். இலகுவான வேலைகள் சில கிழமைகளிற் கைவரும். மண்வெட்டி பிடித்தல் போன்ற கடுந்தொழிலுக்குப் பெரும்பாலும் மூன்று மாதமோ அதற்கு மேலோ செல்லும். பிடிவலிமை ஓராண்டு வரையும் வளர்ந்துகொண்டே போகும். அசைவு முழுவதும் திரும்பாதவரும் மனந்தளர வேண்டியதில்லை. அன்றாடக் கருமங்கள் பலவற்றுக்கு மணிக்கட்டின் முழுவீச்சும் வேண்டப்படுவதில்லை. இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் பயிலும் இளைஞர் ஒரு சொற்கட்டைப் பன்னூறு முறை மெதுவாக அடித்துப் பழகிய பின்னரே காலத்தை விரைவாக்குவர். மீளுங் கைக்கும் அவ்வொழுங்கே உரியது.

மொழியும் மருந்து

மற்றை நோய்களில் மருந்தை வைத்தியர் கொடுக்க, பிணியாளர் உண்பர். இங்கே மருந்து பயிற்சி. அதனைச் செய்பவர் பிணியாளரே. வைத்தியரோடு அவர் இருக்கும் நேரம் சில நிமிடம்; தம் கையோடு இருக்கும் நேரம் நாள் முழுவதும். என்ன செய்ய வேண்டும், எத்தனை முறை, ஏன், எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பவற்றை அவர் விளங்கிக்கொள்ளாவிடின், செவ்வையாகப் பொருந்திய என்பும் விறைத்த கையிலேயே கிடக்கும். வீட்டிலிருந்து பயிலும் ஒருவருக்குத் தெளிவான அறிவுரை பெருந்துணை. கிறீன் தமிழில் எழுதியது வைத்தியர் கற்பதற்காக. இன்று பிணியாளரும் கற்கவேண்டிய காலம்.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது. 1984இற் சித்தமருத்துவப் பயிற்சியும் அங்கே தொடங்கியது. ஊடுகதிரின் நோக்கும், உருவி அசைத்து மீட்கும் பழைய மரபின் பொறுமையும் ஒரே கல்விக்கூடத்தில் இடம்பெற்றமை நற்குறியாகும். முறிந்தவர் முதலிற் படமெடுத்து முறிவை அறிவதும், பின்னர் கட்டவிழ்ந்த கையைக் கைவிடாது பயிற்றுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால், ஒரு மரபின் குறையை மற்றது நிறைக்கும்.

துலாக்கள் இன்று அருகிவிட்டன. நீரை இயந்திரம் இறைக்கின்றது. முதியோர் தொகையோ பெருகியுள்ளது. மாதவிடாய் நின்ற வயதுக்குப் பின் பெண்களின் என்பு நலிவடைவதால், ஈரமான கிணற்றடியில் வழுக்கிக் கையூன்றும் தாய்மார்க்கே இம்முறிவு மிகுதியும் நேர்கின்றது. அவர்களுட் பலர் தனித்து வாழ்வோர். பிள்ளைகள் கடல்கடந்த நாடுகளில் இருப்போர். சோறாக்கவும், தலைவாரவும், கதவின் திறப்பைத் திருப்பவும் வல்ல கையே அவர்களின் சுதந்திரம். கட்டு அவிழ்ந்த அன்று அவர்களின் அருகிருந்து, விரலை மடக்கி நீட்டும் முறையைத் தமிழிற் சொல்லி, மறுநாளும் செய்தீர்களா என்று கேட்கும் ஒருவர் வேண்டும். அயல்வீட்டு மாணவனும் அப்பணியைச் செய்யலாம். அதற்கு வேண்டிய அறிவை அவனுக்கு ஊட்டுதல் பள்ளியின் கடன்.